தர்மராஜுக்குச் சொல்லாத சாவு

சுந்தரவல்லிக்குக் கால் வலி பழகிவிட்டது. வலிக்காத நாள் ஒன்று வந்தால் இன்று லீவோ என்று சந்தேகப்படுவாள். செங்கல்பட்டில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டும். அங்கே சதுரங்கப்பட்டினம் போகிற பஸ்ஸுக்காக வெயிலில் நிற்க வேண்டும். அது வந்தாலும் உட்கார இடம் இருக்காது. இறங்கிய பிறகு மணலில் நடை. செருப்பைக் கழற்றினால் சுடும், போட்டுக்கொண்டால் புதையும். இரண்டு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

ஆராய்ச்சி டாக்டர் வெங்கடராகவனுடையது. நடை மட்டும் இவளுடையது. அவர் பட்டணத்தில் மனநோய் வைத்தியர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஆட்டிசம் என்று ஒரு புது வார்த்தையைப் படித்துவிட்டு, நம் பக்கத்திலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் வாலிபம் ஆனதும் மனசு எப்படிப் போகிறது, யாருக்கு முற்றுகிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பியிருந்தார். கிளம்பியிருந்தார் என்றால் மின்விசிறிக்குக் கீழே. ஊர் ஊராகப் போய் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, தாயாரிடம் விசாரித்து எழுதி வருவது சுந்தரவல்லியின் வேலை.

அவள் பார்த்த பிள்ளைகள் ஊருக்கு ஒரு தினுசு. சிலருக்குப் பேச்சே இல்லை. சிலர் நாம் கேட்டதையே நமக்குத் திருப்பிச் சொல்வார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். கூப்பிடாதபோது வந்து ஒட்டி நிற்பார்கள். வைத்த சொம்பு வைத்த இடத்தில் இல்லையென்றால் வீடு இரண்டுபடும். பிள்ளைகள்தான் இப்படி விதவிதமே ஒழிய, தாய்மார்களின் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா." படாளத்திலும் அதே, முட்டுக்காட்டிலும் அதே. டாக்டரும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் பெரிய வார்த்தையில். "இவாளுக்கு வெளி உலகமே கிடையாது. உலகம் இல்லாதவனுக்குத் துக்கம் எங்கேயிருந்து வரும்? அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காதேம்மா." சுந்தரவல்லியும் வீணாக்கியதில்லை. கேள்வி ஒன்று குறைந்தால் ஒரு பஸ் முன்னால் பிடிக்கலாமே.

அன்றைக்கு அவள் போனது புதுப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு தெருவுக்கு. போன வருஷமே வந்த வீடுதான். எல்லம்மாளின் மூத்த மகன் தர்மராஜ், மீசை அரும்பிய பிள்ளை, பேச்சு இல்லை. அப்பன் திருவேங்கடம் சவுக்குக் கட்டையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செங்கல்பட்டு ஓட்டல்களுக்குப் போடுகிறவர். வண்டியின் பின்னால் பிள்ளை கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பான். சாந்தமான பையன், தொந்தரவு இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருந்தாள். இப்போது அவனுக்கு முற்றிவிட்டதாம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று தாய்மாமன் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் சீட்டுக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். சுந்தரவல்லி பார்த்து, ஆமாம் என்றால் டாக்டர் கொடுப்பார். ஆக அந்தப் பிள்ளை தாயோடு இருப்பதா, இல்லையா என்பது கால் வலிக்கிற ஒரு பெண்ணின் தலையாட்டலில் வந்து நின்றது.

வாசலில் வண்டி தயாராக நின்றது. மாடு பூட்டியிருந்தது. பாயும் போர்வையும் சுருட்டி உள்ளே வைத்தாயிற்று. தாய்மாமன் செங்கல்வராயன் படாளத்துக்காரர், வாட்டசாட்டமான ஆள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க டாக்டரம்மா. ஒங்களுக்குத்தான் காத்துகினு கீறோம். செங்கல்பட்டுல ரயிலப் புடிக்கணும்."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. நேரே உள்ளே போனாள். எல்லம்மாள் அம்மிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. திருவேங்கடம் தை மாசம் மாரடைப்பில் போய்விட்டாராம். சுந்தரவல்லிக்கு அப்போதுதான் தெரியும். அடடா என்றாள். அந்த அடடாவுக்கு மேல் அன்றைக்கு அவளிடம் தெம்பு இல்லை.

அறைக்கதவு வெளியே சங்கிலி போட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரே சீராக ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது.

"இன்னா பண்றான்?" என்று கேட்டாள் சுந்தரவல்லி. ஊர் ஊராகச் சுற்றியதில் இன்னாவும் கீதுவும் அவள் நாக்கிலும் தொற்றிக்கொண்டிருந்தன. அவள் வீட்டில் அவளுடைய அண்ணன் முகத்தைச் சுளிப்பார்.

"இன்னா பண்ணலன்னு கேளுங்க," என்றார் மாமன். "சாயந்தரம் ஆச்சுன்னா ரோட்டுல போயி நின்னுக்கிறான். இருட்டுனாலும் வர்றதில்ல. இயுத்தா கடிக்கிறான். சோறு துன்றதில்ல. பெத்தவளப் போட்டு அடிக்கிறான். கையப் பாருங்க."

எல்லம்மாள் கையை முந்தானையில் மூடப் பார்த்தாள். அண்ணன்காரர் விலக்கிக் காட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் தோல் வழன்று, புறங்கையில் காய்ந்தும் காயாமலும் சிராய்ப்புகள்.

"இதக் கூட பொறுத்துக்கலாம். பெத்தவ. அடுத்த வூட்டு ஆராயி பொண்ணு அம்சா, வயசுப் பொண்ணு, தண்ணி எடுத்துகினு போவுது, அத்து கையப் புடிச்சி வளையல உருவிட்டான். ஆராயி தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்திட்டா. ஊருல இன்னா சொல்வாங்க? ஒண்ணு இவன அனுப்பு, இல்ல நீங்க கெளம்புங்கன்றாங்க. தங்கச்சி சின்னவன வச்சிகினு எங்க போவா? நானு இன்னா சந்தோசமாவா இட்டுகினு போறேன்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று சுந்தரவல்லிக்குத் தெரிந்தது. கெட்ட மனுஷர்களாக இருந்துவிட்டால் அவளுடைய வேலை சுலபம். இந்த இரண்டு வருஷத்தில் கெட்டவர்கள் என்று அவள் பார்த்தது ரொம்பக் குறைச்சல். பார்த்ததெல்லாம் களைத்துப்போனவர்கள்தான். பட்டணத்து ஆஸ்பத்திரியை அவளுக்குத் தெரியும். அங்கே அடைத்தவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. கூப்பிட்டுப் போகத்தான் ஆள் வருவதில்லை. முதல் வருஷம் பொங்கலுக்கு வருவார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோகும்.

சரி என்று சொல்லிவிட்டால் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் கிடைக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தடம் விழுந்துபோன வாய். அது பழக்கதோஷத்தில் கேள்வியைத்தான் கேட்டது.

"எப்போதிலேர்ந்து இப்படி?"

"படாளத்துலேந்து வந்ததுலேந்து," என்றாள் எல்லம்மாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

"படாளத்துக்கு ஏன் போனான்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கல்வராயன்தான் சொன்னார். திருவேங்கடத்துக்கு உயிர் போனதும் அவர் செய்த முதல் காரியம், தர்மராஜைக் கிளப்பியதுதான். சாவு மேளம் அடித்தால் அந்தப் பிள்ளை தாங்க மாட்டான். திருவிழா மேளத்துக்கே தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறவன். அழுகிற வீட்டில் அவனை யார் பார்த்துக்கொள்வது? மாமா வீட்டில் கன்று போட்டிருக்கிறது, மாடு பார்க்கலாம் வா என்று வேறொரு வண்டியில் ஏற்றிப் படாளத்துக்கு அனுப்பிவிட்டார். மூத்த பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியைச் சின்னவன் வைத்தான். கருமாதி முடிந்து, எல்லம்மாளுக்கு வளையல் உடைத்து, தாலி வாங்கி, எல்லாம் ஆன பிறகுதான் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குள் வண்டியையும் மாட்டையும் விற்றாகிவிட்டது. செத்தவர் படுத்த பாய், கட்டின வேட்டி எல்லாம் வழக்கப்படி போய்விட்டன.

"அவன்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

"இன்னாத்த?"

"அப்பா செத்துப்போனதை."

செங்கல்வராயன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். படித்தவள் கேட்கிற கேள்வியா இது என்பதுபோல. "அவங்கிட்ட யாரும்மா சொல்லுவா? அவனுக்கு இன்னா தெரியும்?"

சுந்தரவல்லிக்கு அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. அன்றைக்கு மட்டும் என்னவோ அது தைத்தது. நாம் மட்டும் என்ன, இத்தனை வீடு ஏறி இறங்கினோமே, இந்த வீட்டில் சமீபத்தில் யார் செத்தது என்று ஒரு வீட்டிலாவது கேட்டோமா என்று தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. டாக்டர்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

"கதவைத் திறங்கோ," என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"வேணாம்மா. மேல வுயுந்து புடுங்கிடுவான்."

"திறங்கோ, பரவாயில்லை."

சங்கிலியை எடுத்ததும் தர்மராஜ் வெளியே வந்தான். வாடி மெலிந்திருந்தான். சுந்தரவல்லியையும் பார்க்கவில்லை, மாமனையும் பார்க்கவில்லை. நேரே தாயிடம் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் விடவில்லை, இன்னொரு கையை அவள் விரல்களின்மேல் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தான். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று செங்கல்வராயன் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார்.

"விடுங்கோ அவனை. அவன் கையில என்ன இருக்குன்னு பாருங்கோ."

அவன் உள்ளங்கையில் கண்ணாடி வளையல் இரண்டு இருந்தன. சிவப்பு. அம்சாவின் கையிலிருந்து உருவியதில் உடையாமல் தப்பியவை. அவற்றைத்தான் தாயின் கையில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னப் பெண்ணின் வளையல் உழைத்துக் காய்த்த கையில் எங்கே ஏறும்? முட்டியில் இடித்துத் தோலைக் கிழித்தது. தாலி அறுத்தவள் கையில் வளையல் படக்கூடாது என்று அவள் இழுத்துக்கொள்ள, இழுக்க இழுக்க அவன் பிடி இறுகியது. பார்த்தவர்கள் கண்ணுக்கு அது அடியாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஒருதரம் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அவன் கையில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

எல்லம்மாள் இழுப்பதை நிறுத்தினாள். மகனின் கையையே பார்த்தாள்.

"முன்னெல்லாம் வண்டிய வுட்டு எறங்குனதும் நேரா எங்கிட்டதான் வருவான்," என்றாள் மெதுவாக. யாரிடம் சொல்கிறாள் என்றில்லாமல் சொன்னாள். "என் வளையலப் புடிச்சி ஜல்லுனு ஒரு தபா ஆட்டுவான். அவங்க நைனா சிரிப்பாரு. அப்புறந்தான் கை கால் கயுவிகினு சோத்துக்கு ஒக்காருவான். ஒரு நாள் தவறாது." மகன் கையிலிருந்த வளையலைத் தொட்டாள். "வளையல் வந்துட்டா அவரும் வந்துடுவாருன்னு நெனச்சிகினு கீறான்."

செங்கல்வராயன் பிடித்திருந்த தோளை விட்டார்.

எல்லம்மாள் எழுந்து போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். கையில் வழியத் தடவிக்கொண்டாள். மகனிடமிருந்து ஒவ்வொரு வளையலாக வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஏற்றினாள்.

"எல்லம்மா, இன்னா பண்ற நீ?" என்று பதறினார் அண்ணன். "கருமாதி ஆன கையில வளையலா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும் அண்ணா."

அவள் கையை நீட்டினாள். தர்மராஜ் விரலால் வளையலைத் தட்டினான். இரண்டு வளையலில் என்ன பெரிய சத்தம் வந்துவிடும்; வந்தது. முனகல் நின்றது. மாசக்கணக்கில் யாரும் பார்க்காத ஒரு தெளிவு அவன் முகத்தில் வந்தது. அவன் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான். அங்கே வண்டி நின்றது. ஆனால் அது வேறு வண்டி, வேறு மாடு. வாசலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

சுந்தரவல்லிக்குப் போதும் என்று இருந்தது. வளையலை அப்படியே விட்டுவிடுங்கள், ஊர் என்ன சொன்னால் என்ன, பிள்ளை அமைதியாகிவிட்டான் அல்லவா என்று சொல்ல வந்தாள். அவளுக்கு நல்ல முடிவு வேண்டியிருந்தது. பஸ்ஸும் வேண்டியிருந்தது. எல்லம்மாளுக்குத்தான் அது பொய் என்று தெரிந்தது. வராத ஆளுக்காகப் பிள்ளை நாளைக்கும் நிற்பான், நாளை மறுநாளும் நிற்பான்.

அவள் அம்மியண்டை உட்கார்ந்தாள். மகனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவன் தாடையைப் பிடித்துத் தன் கையின் பக்கம் திருப்பினாள்.

"தர்மா. நைனா செத்துட்டாருடா. இனிமே வரமாட்டாரு."

சொல்லிவிட்டுக் கையை அம்மி விளிம்பில் ஓங்கி அடித்தாள். ஒரு வளையல் தெறித்தது. இன்னொரு அடியில் மற்றதும் போயிற்று. ஒருதரம் உடைத்ததே ஒரு பெண்ணுக்கு ஆயுசுக்கும் போதும். அவள் இரண்டாம்தரம், தன் கையாலேயே, பட்டப்பகலில், பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்பதற்காக உடைத்தாள். சுந்தரவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

தர்மராஜ் உடைந்த துண்டுகளைப் பார்த்தான். வெறும் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். இந்தத் தடவை அதை அழுத்தவில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. சரிதான், இவனுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாதோ என்று சுந்தரவல்லியே நினைத்துவிட்டாள். அப்புறம் அவன் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது முனகல் இல்லை. தெருக்கோடி வரை கேட்கிற சத்தம். தாய் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினான்.

"அய்யோ, முன்னைக்கி இப்ப ஜாஸ்தி ஆயிடுச்சே," என்றார் செங்கல்வராயன். "டாக்டரம்மா, இன்னாம்மா இது?"

சுந்தரவல்லி வாயைத் திறக்குமுன் எல்லம்மாள் சொன்னாள். "ஜாஸ்தி இல்லண்ணா. அயுவறான். நம்ம எல்லாம் அயுது முடிச்சிட்டோம். அவன் இப்பதான் ஆரம்பிக்கிறான்."

செங்கல்வராயன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "கொள்ளி வைக்க வேண்டிய புள்ள," என்றார். "அவன இட்டுகினு போயி கன்னுக்குட்டி காமிச்சேனே." துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

எல்லம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். மகனின் முதுகில் கை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஒப்பாரி எடுத்தாள். தை மாசம் அழுத அழுகையை மறுபடி முதலிலிருந்து அழுதாள்.

ஒப்பாரி கேட்ட தெரு சும்மா இருக்காது. என்ன ஏது என்று விசாரிக்கிறதெல்லாம் அப்புறம்; கேட்டால் வந்து உட்கார வேண்டும். பகை, பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அதற்குக் குறுக்கே நிற்காது. உலையை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லம்மாளைக் கட்டிக்கொண்டு தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் அகப்பட்ட சுந்தரவல்லியும் உட்கார்ந்தாள். "யாரு போனது?" என்று ஒருத்தி கேட்டாள். "திருவேங்கடந்தான். புள்ளைக்கி இன்னிக்கித்தான் சொன்னாங்க," என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். கேட்டவளுக்கு அது போதுமாயிருந்தது.

கடைசியாக ஆராயி வந்தாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். தன் பெண்ணின் வளையல் துண்டுகள் அம்மிக்குக் கீழே கிடப்பதைப் பார்த்தாள். மடியில் கிடந்து கத்துகிற பிள்ளையைப் பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றிய கை அது. அந்தக் கையாலேயே மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே வந்தாள். வட்டத்தில் இடமில்லை. சுந்தரவல்லியை நகரச் சொல்லி இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் தோள்மேலும் ஒரு கையைப் போட்டு, குரலைச் சேர்த்தாள். சுந்தரவல்லிக்கு ஒப்பாரி தெரியாது. அவள் சும்மா அழுதாள். கால் வலிக்கும் சேர்த்து அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னாலும் அவர், ஒரு பையனை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாதம்மா என்பார். அதுவும் சரிதான். ஏறி இறங்கிய வீட்டையெல்லாம் மறுபடி ஏறி இறங்க வேண்டும், இந்தத் தடவை வேறு கேள்வியோடு. நினைக்கும்போதே அயர்ச்சியாக இருந்தது.

வெயில் தாழ்ந்தது. தர்மராஜின் சத்தம் கம்மி விம்மலாகிவிட்டது. செங்கல்வராயன் எழுந்துபோய் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்தார். பாயையும் போர்வையையும் இறக்கி உள்ளே கொண்டுவந்து போட்டார். டாக்டர் சீட்டைப் பற்றிச் சுந்தரவல்லியிடம் அவர் கேட்கவில்லை.

சுந்தரவல்லி பஸ்ஸுக்குப் புறப்பட எழுந்தாள். வழக்கமாக எந்த வீட்டிலும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. அவள் தர்மராஜின் தலையை ஒருதரம் தொட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள்.